பாத்ரூம் டைல்ஸ் பதித்த அரபிக்கடல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அரபிக்கடல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம், வாட்ச்மேன் நாற்காலிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில். வங்காள விரிகுடா அந்தப் பக்கம், ஆறாம் வகுப்புச் சுவரோரம். இந்துமகா சமுத்திரத்தின் மேல்தான் சேர்மன் தன் ஸ்கூட்டரை நிறுத்துவார். நான் சமூக அறிவியல் டீச்சர். இந்த மூன்று கடலையும் கட்டி மேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

பள்ளி இருப்பது பெங்களூர் ஈஜிபுராவில். பாதியில் நிற்கிற மேம்பாலத் தூண்களைத் தாண்டி, கோழிக்கடைக்கும் சிலிண்டர் கோடவுனுக்கும் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். முன்னால் நாலைந்து கார் நிறுத்துகிற அளவுக்கு வெற்றிடம், அதைத்தான் விளையாட்டு மைதானம் என்று பிராஸ்பெக்டஸில் அச்சடித்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். அப்பா சென்ட்ரிங் வேலை, பெயின்ட் வேலை, டெலிவரி வேலை; அம்மா ஐடி கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கம் இருந்து வந்தவர்கள்தான் அதிகம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கிரிக்கெட்டில் உருது, பரீட்சையில் மட்டும் ஆங்கிலம். கடலைப் பார்த்தவர்கள் வகுப்புக்கு ஒருவர் தேறினால் பெரிய விஷயம்.

இது நடந்த வருஷம் ஆறாம் வகுப்புக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். முதல் நாள் கடல் பாடம் எடுக்கும்போது கேட்டேன், “கடல்னா எப்படி இருக்கும், யாராவது சொல்லுங்க பாக்கலாம்.”

“பெல்லந்தூர் ஏரி மாதிரி மிஸ். இன்னும் பெருசா.”

“அந்த ஏரி மாதிரி நுரை வருமா மிஸ்?”

“வரும்.”

“காத்தடிச்சா ரோட்டுக்கு வருமா?”

“வராது. அங்கேயே இருக்கும்.”

“நாத்தம்?”

நான் கோபக்காரி. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள். சாக்பீஸை மேஜையில் போட்டுவிட்டு, “ஏரியும் கடலும் ஒண்ணாடா? ஏன்டா என் பிராணனை வாங்கறீங்க? இதுங்களுக்கு நான் எங்கேர்ந்து கடலைக் கொண்டுவந்து காட்டறது!” என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் சேர்மன் போய்க்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவுமே நடந்திருக்காது.

சேர்மன் பள்ளிக்கூடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது விற்காமல் நின்ற சரக்கு இன்னும் மொட்டை மாடியில் அடுக்கி இருந்தது. மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். “மேடம், நீங்க சொன்னது கரெக்ட். கடலைக் கொண்டாந்துடலாம். கிரவுண்டுல இந்தியா மேப். சிமெண்ட்ல நிலம், ப்ளூ டைல்ஸ்ல கடல், அதுல நிஜத் தண்ணி. பேரன்ட்ஸ் அசந்துடணும்.”

வந்த மேஸ்திரி நல்ல வேலைக்காரர். தரையடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப் கட்டுவதிலும் பாத்ரூம் கட்டுவதிலும் அவரை விட்டால் ஏரியாவில் ஆளில்லை என்று பெயர். என் பாடப்புத்தகத்தில் இருந்த வரைபடத்தை வாங்கி, கம்பியை வளைத்து, ஒரே வாரத்தில் நாட்டைக் கட்டி எழுப்பிவிட்டார். இமயமலைக்கு ஜல்லி குவித்து வெள்ளை அடித்திருந்தார். மூன்று பக்கமும் நீல டைல்ஸ் பளபளத்தது. கரையோரம் மட்டும் டால்பின் துள்ளுகிற பார்டர் டைல்ஸ். எனக்கே பிடித்துப்போனது. ஒரு குடம் தண்ணீரை வங்காள விரிகுடாவில் ஊற்றினோம்.

அது நிற்கவில்லை. சுவரோரத்தில் இருந்து நகர்ந்து, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு, கேரளாவை உரசி, நேராக மும்பைப் பக்கம் போனது. அங்கே தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு மேல் ஒரு வட்டமான ஸ்டீல் ஜாலி. அதற்குள் இறங்கி, கேட்டுக்கு வெளியே இருக்கிற சாக்கடையில் கலந்துவிட்டது.

“மேஸ்திரி, என்னய்யா இது?”

“வாட்டம் மேடம். தண்ணி ஓடறதுக்குச் சரிவு.”

“கடலுக்கு எதுக்கய்யா வாட்டம்?”

“வாட்டம் இல்லாம எப்படி மேடம்? தண்ணி நின்னா பாசி புடிக்கும். நாளைக்கு ஒரு புள்ள வழுக்கி வுழுந்தா எம்பேருதான் கெடும்.”

“கடல்ல தண்ணி நிக்கணும்யா!”

“நிக்கட்டுமே. ஜாலியில துணி வச்சு அடைங்க, நிக்கும். வேணாம்னா துணிய உருவுங்க, அஞ்சு நிமிசத்துல சுத்தமா காலி. எந்தக் கடல்ல மேடம் இந்த வசதி இருக்குது?”

சேர்மன் அவரைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பழைய கரித்துணியை வைத்து ஜாலியை அடைத்து, மறுபடி தண்ணீர் விட்டோம். அரபிக்கடல் கணுக்கால் அளவுக்கு நிரம்பியது, இந்துமகா சமுத்திரம் பாதி நனைந்தது, வங்காள விரிகுடா அப்படியே காய்ந்து கிடந்தது. அதிலும் தண்ணீர் வேண்டுமென்றால் கேரளாவும் கோவாவும் முழுசாக முழுகியாக வேண்டும். உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். “பசங்களுக்கு அதெல்லாம் தெரியாது மேடம், அட்ஜஸ்ட் மாடி, அனுசரிச்சுப் போங்க” என்று சொல்லிவிட்டு சேர்மன் போய்விட்டார்.

பசங்களுக்குத் தெரிந்தது. அதுதான் பிரச்சினை. தினமும் செருப்பு விடும்போது கண்ணால் பார்க்கிறார்கள் இல்லையா? வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “எங்க மாமா ஊரு கடலூரு மிஸ், அங்க பெரிய கடல் இருக்குது, நான் குளிச்சிருக்கேன்” என்றான். மொத்த வகுப்பும் அவனைப் பொய் சொல்கிறான் என்று பிடித்துக்கொண்டது. “கடலூரு எந்தப் பக்கம்டா? கிழக்கு. கிழக்குல எங்கடா தண்ணி?” பாவம், அவன் என்னைப் பார்த்தான். அவன் சொல்வதுதான் சரி என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மிஸ் அவனுக்கு ஸப்போர்ட் என்று பின் பெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

அரையாண்டுத் தேர்வில், இந்தியாவைச் சூழ்ந்த கடல்கள் எவை, அவற்றின் முக்கியத்துவம் என்ன என்று கேட்டிருந்தேன். அவர்கள் எழுதியது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். ‘அரபிக்கடலில் மும்பை அருகே ஒரு ஜாலி உள்ளது.’ ‘வங்காள விரிகுடா ஸ்கிப்பிங் ஆடப் பயன்படுகிறது.’ ‘இந்துமகா சமுத்திரத்தில் சேர்மன் சார் ஸ்கூட்டர் உள்ளது, தொடக்கூடாது.’ ‘சாப்பிட்ட பிறகு அரபிக்கடலில் கை கழுவினால் மிஸ் அடிப்பார்.’ கடைசி வாக்கியம் உண்மை என்பதால் அரை மார்க் போட்டேன்.

அதை எழுதியவள் முதல் பெஞ்ச்சுக்காரி. அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். ஒருநாள் அரபிக்கடலில் மீன் குஞ்சு பொரித்திருக்கிறது என்று ஊரைக் கூட்டினாள். டிபன் பாக்ஸில் இருந்து சித்ரான்னத்தை எடுத்துப் பிள்ளைகள் தூவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் டெங்கு பார்க்க வீடுவீடாக வருகிற அம்மா கேட்டுக்குள் வந்தார். குனிந்து பார்த்தார். “அய்யோ, லார்வா! புழுவுக்குச் சோறு போட்டு வளக்கறீங்களா மேடம்?” என்று என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கடல் முழுக்க மருந்து தெளித்து, ஜாலித் துணியை உருவி விட்டுப் போனார். “அந்தக்கா மீனையெல்லாம் கொன்னுட்டாங்க மிஸ்” என்று இவள் அன்று முழுக்க உம்மென்று இருந்தாள். அதற்குப் பிறகு கடல் காய்ந்தே கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் மாதம் வந்தது. அந்தக் கோடையை பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் ஒரு போர்வெல் பாக்கியில்லாமல் வற்றியது. டேங்கர்காரர்கள் போனை எடுத்தாலே பெரிய உபகாரம். அதோடு இன்னொரு இடியும் விழுந்தது. ஏழாம் வகுப்பு நடத்துகிற அனுமதி அந்த வருஷத்தோடு முடிகிறது, அதிகாரி நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஜூனில் ஏழாம் வகுப்பு உண்டு.

செய்தி தெருவுக்குப் போனதும் முதல் பெஞ்ச்சுக்காரியின் அம்மா ஷிப்ட் முடிந்து, கழுத்தில் ஐடி கார்டோடு நேராக என்னிடம் வந்தாள். “மிஸ், ஏழாங்கிளாஸ் இருக்குமா, இருக்காதா? ஒண்ணு சொல்லிடுங்க.”

“இருக்கும்மா. ஏன்?”

“இல்லேன்னா சந்தாபுராவுல எங்க நாத்தனார் இருக்கா. கைக்குழந்தை வச்சுக்கிட்டு ஒத்தையா கஷ்டப்படறா. இவள அனுப்பிடலாம்னு இவுங்கப்பா சொல்றாரு. வேற ஸ்கூலுன்னா மெயின் ரோட்ட தாண்டணும் மிஸ். அந்த லாரி வர்ற ரோட்டுல பொம்பளப் புள்ளய விட மாட்டேங்கறாரு.”

அவள் பக்கத்தில் நின்ற மகள் அன்றைக்குத்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள். நாத்தனார் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போன எந்தப் பெண்ணும் திரும்ப வந்து பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “நீங்க எதுவும் முடிவு பண்ணாதீங்க. இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்” என்றேன்.

சேர்மன் உற்சாகத்தில் இருந்தார். அவர் கணக்கில் அதிகாரி பார்க்கப்போவது ஒன்றே ஒன்றுதான், அந்த மேப். கேட்டில் ‘மூன்று கடல்களும் உங்களை வரவேற்கின்றன’ என்று கன்னடத்தில் பேனர் கட்டினார். அதிகாரி வருகிற அன்று காலை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு சின்ன டேங்கரை வரவழைத்தார். பாத்ரூமில் இரண்டு நாளாக ஒரு சொட்டு இல்லை, சம்ப்பில் ஊற்றப்போகிறார்கள் என்று நான் நிம்மதியாக மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு போய் அரபிக்கடலில் போட்டான்.

நான் படியில் உருண்டு விழாத குறையாக ஓடினேன். “சார்! என்ன சார் அநியாயம் இது? பொண்ணுங்க பாத்ரூம் நாறுது, கடலுக்கு டேங்கரா?”

“பாத்ரூமுக்கு அடுத்த டேங்கர் சொல்லியிருக்கேன் மேடம். வர்றாங்க.”

“எப்போ?”

“வர்றாங்க. நீங்க டென்ஷன் ஆகாதீங்க.”

இந்த முறை அவர் ஜாலியில் புதுத் துணி அடைத்திருந்தார், கேரளாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. வங்காள விரிகுடா நனைய வேண்டும், அவ்வளவுதான். கேரளா, கோவா, பாதிக் கர்நாடகா எல்லாம் முழுகின. சென்னைக் கரையில் விரல்கடை அளவு தண்ணீர் எட்டிப்பார்த்தது. கடலூர்ப் பையன் ஜன்னல் வழியாக, “பாத்தியா, பாத்தியா!” என்று குதித்தான். சேர்மன் சால்வையும் பழக்கூடையும் எடுத்துக்கொண்டு அதிகாரியை அழைத்துவர மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த டேங்கர் வரவில்லை. போன் செய்தேன். அடித்தது, எடுக்கவில்லை. பிறகு ஸ்விட்ச் ஆஃப். பெண்கள் கழிப்பறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினேன். எந்த அதிகாரியாக இருந்தாலும் பேப்பரில் முதலில் கேட்பது அதைத்தான், தண்ணீர் உண்டா இல்லையா என்று. டால்பினை யார் கேட்கப்போகிறார்கள்? முதல் பெஞ்ச்சுக்காரி என் பின்னாலேயே வந்து நின்றாள். “மிஸ், அவ்ளோதானா? சந்தாபுராதானா?” என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கோபம் என்று தெரியவில்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை. “சும்மா நில்லுடி! போய் எல்லாரையும் கூப்பிடு. பக்கெட்டு, குப்பைக்கூடை, டிபன் பாக்ஸ், தண்ணி புடிக்கற எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லு. கடலைக் காலி பண்ணணும்.”

அவளுக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டி இருக்கவில்லை. ஆறாம் வகுப்பு முழுக்க அரபிக்கடலில் இறங்கியது. கேட்டில் இருந்து கழிப்பறை வரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டிரம்களில் ஊற்றினார்கள். வாட்ச்மேன் பெனாயிலோடும் துடைப்பத்தோடும் உள்ளே புகுந்தார். பிள்ளைகள் கூச்சல் தாங்கவில்லை. வாயை அடைக்க ஒரே வழி பாடம் நடத்துவதுதான்.

“கடல்லேர்ந்து நமக்கு என்னென்ன கிடைக்குது? கையை நிறுத்தாம சொல்லுங்க!”

“மீனு மிஸ்!” “உப்பு!” “கப்பல் வரும் மிஸ், சாமான் வரும்!” “பெட்ரோலு!”

“மழை எங்கேர்ந்து வருது?”

“கடல்லேர்ந்து!”

“பெங்களூருக்குத் தண்ணி?”

“டேங்கர்லேர்ந்து மிஸ்!”

“அடச்சீ! காவேரியை மறந்துட்டீங்களா? காவேரி எந்தக் கடல்ல போய் சேருது?”

“வங்காள விரிகுடா! மிஸ், அது முடிஞ்சுபோச்சு, தொடைக்கவா?”

அத்தனை வருஷத்தில் கடல் பாடத்தை இவ்வளவு ஒழுங்காக நான் நடத்தியதில்லை. மும்பைப் பக்கம் கடைசி மக் தண்ணீரை வழித்து எடுத்தபோது கேட்டுக்கு வெளியே ஜீப் ஹார்ன் கேட்டது.

அதிகாரி ஒரு பெண். பருத்திப் புடவை, வியர்த்து வழிகிற முகம். சேர்மன் சால்வையை விரித்தார். அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, காதோடு காதாக, டாய்லெட் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார், “டாய்லெட் எல்லி?” காலையில் இருந்து டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, போன இடத்தில் எல்லாம் தண்ணீர் இல்லாமல், ஒரு பொம்பளை எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டிருப்பாள்? அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பெனாயில் மணத்தது. கதவு சாத்திய பிறகு உள்ளே மக்கு மக்காகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு இணையாக எனக்கு இன்றுவரை எந்தக் கச்சேரியும் இல்லை.

வெளியே வந்த அதிகாரி புது ஆளாக இருந்தார். முகம் கழுவியிருந்தார். அப்போதுதான் பேனரைப் பார்த்தார், பேனருக்குக் கீழே காய்ந்த நீல டைல்ஸைப் பார்த்தார். சேர்மன் முகத்தில் ஈயாடவில்லை. “காலையில ஃபுல்லா இருந்துச்சு மேடம், காலையில...” என்று திக்கினார். அதிகாரி என்னைக் கேட்கவில்லை, எதிரில் நின்ற முதல் பெஞ்ச்சுக்காரியைக் கேட்டார். “சமுத்ரா எல்லம்மா?”

“பாத்ரூம்நல்லி இதே மேடம்” என்றாள் அவள், பாத்ரூமில் இருக்கிறதாம். கை, பாவாடை, பின்னல் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சரி, கடல் எதற்கு வேண்டும், சொல் பார்க்கலாம் என்று கன்னடத்தில் கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜாலி என்று சொல்லப்போகிறாள், ஸ்கூட்டர் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடல் இருந்தால்தான் மழை மேடம், மழை வந்தால்தான் ஆறு, ஆறு இருந்தால்தான் டேங்கர், டேங்கர் வந்தால்தான் பாத்ரூம், பாத்ரூம் இருந்தால்தான் ஏழாங்கிளாஸ் மேடம்.

அதிகாரி வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார். பழக்கூடையை வாங்கவில்லை. ஜீப் போன பிறகு சேர்மன், “கடலைக் காலி பண்ணிட்டீங்களே மேடம்” என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன்.

சாயங்காலம் அவளுடைய அம்மா கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரப் பயம். “மிஸ், இருக்கா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.

“இருக்கும்மா” என்றேன்.

ஐடி கார்டைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். ஈர யூனிஃபார்ம், முழங்காலில் அழுக்கு, ஒற்றைச் செருப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதுகில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“எரும! எங்கடி போய் வுழுந்த?”

“கடல்லம்மா.”

“திமிரப் பாரு” என்று சொல்லி, அவளை இழுத்துக்கொண்டு நடந்தாள். ஜூனில் ஏழாங்கிளாஸுக்கு அவளே மகளைக் கொண்டுவந்து விட்டாள்.